உப்புநீர்த் தொட்டியில் நத்தை: சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்திலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்க நாலைந்து மணி நேரமாவது ஆகும். ஆனாலும் அஸ்தம்பட்டியிலும் சூரமங்கலத்திலும் வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வீடுகள் இன்று கணிசமாக இருக்கின்றன. மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் பத்துப் பேரிடம் கேட்பார்கள். நத்தை செத்தால் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த டஜன் வாங்கி வருகிறார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒழுங்காக வைத்தால் ஆண்டுக்கணக்கில் வாழக்கூடிய உயிர் அது. கன்னங்குறிச்சியில் என் வீட்டில் மூன்றடித் தொட்டி ஒன்று ஒன்பது வருடமாக ஓடுகிறது. அதைப் பார்க்க வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தொட்டியில் நத்தை எதற்கு? கண்ணாடியை நானே சுரண்டிவிட மாட்டேனா?

கண்ணாடியைச் சுரண்டலாம். பாறையின் இடுக்கையும் பம்புக்குப் பின்னால் இருக்கும் மூலையையும் யார் சுரண்டுவது? நத்தையின் நாக்கு அரம் மாதிரி, அதில் வரிசை வரிசையாகப் பல் இருக்கும். இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் வாய் திறக்கும், நாக்கு ஒருமுறை மேல்நோக்கி இழுக்கும், மூடும். அது போன பாதையில் பாசிப் படலத்தின் மேல் வளைந்து வளைந்து ஒரு கோலம் விழுந்திருக்கும். அந்த வேலையை எந்த பிரஷ்ஷாலும் செய்ய முடியாது.

எந்த நத்தை வாங்கலாம்?

முதல்முறை வாங்குபவருக்கு நான் சொல்வது ட்ரோக்கஸ். பம்பரத்தைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். பாசியை நன்றாகத் தின்னும், கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும், தொட்டிக்குள்ளேயே குஞ்சு பொரித்தவையும் உண்டு. பார்வைக்கு இதே மாதிரி இருக்கும் அஸ்ட்ரியாவும் நல்ல உழைப்பாளிதான். ஆனால் மணலில் கவிழ்ந்து விழுந்தால் அதனால் நிமிர முடியாது. நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் இரண்டு நாளில் அப்படியே கிடந்து செத்துப்போகும்.

செரித் திருகாணி மாதிரி நீண்டு முறுக்கியிருக்கும். பகலில் மணலுக்குள் பதுங்கிக்கொண்டு இரவில் வெளியே வந்து மேயும். மணலையும் கிளறிவிடும். சிறிய தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான நத்தை இல்லை என்பது என் கருத்து.

நசாரியஸ் பாசி தின்னாது, அது துப்புரவுப் பணியாளர். மணலுக்குள் புதைந்து, யானைத் தும்பிக்கை போல ஒரு குழாயை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு சின்ன இறால் துண்டைப் போடுங்கள். அரை நிமிடத்தில் மணல் அங்கங்கே பொங்கி, நாலு மூலையிலிருந்தும் ஓடி வரும். நத்தை ஓடுமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். இதற்கு இரண்டு அங்குல மணலாவது வேண்டும். வெறும் கண்ணாடித் தரை உள்ள தொட்டிக்கு வாங்காதீர்கள்.

நெரைட் கடலோரப் பாறையில் அலை ஏறி இறங்கும் இடத்தில் வாழ்வது. அந்தப் பழக்கத்தில் தண்ணீருக்கு மேலே ஏறிவரும். மூடி இல்லாத தொட்டி என்றால் காலையில் சோபாவுக்கு அடியில் தேட வேண்டியிருக்கும்.

டர்போ எலுமிச்சம்பழம் அளவுக்கு வளரும். நீளமான முடிப்பாசியைக்கூட மேய்ந்துவிடும். ஆனால் ஒட்டாமல் வைத்த பவளத்தையெல்லாம் தள்ளிக்கொண்டு போகும். கடைகளில் அதிகம் வரும் மெக்சிகன் டர்போ கொஞ்சம் குளிர்ந்த நீருக்குப் பழகியது, சேலத்து மே மாதம் அதற்கு ஒத்துக்கொள்ளாது. மார்கரிட்டா என்று ஒன்று விற்பார்கள். அது குளிர்கடல் நத்தை, நம் தொட்டியின் வெப்பத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். அதை வாங்கவே வாங்காதீர்கள். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட பம்பிள்பீ நத்தை அழகுதான், ஆனால் அது புழுக்களையும் இறைச்சியையும் தின்பது. பாசிக்காக வாங்கினால் ஏமாந்துவிடுவீர்கள்.

சோழியைப் பற்றியும் கேட்பார்கள். பல்லாங்குழி ஆடும் அந்தச் சோழி உயிரோடு இருக்கும்போது தன் சதையால் ஓட்டையே மூடிப் போர்த்திக்கொள்ளும். ஓடு பாலிஷ் போட்டது போல மின்னுவது அதனால்தான். சிறிய பலகறைச் சோழி பாசி தின்னும், பெரும்பாலும் தொந்தரவு தராது. பெரிய வகைகளில் சில கடற்பஞ்சையும் பவளத்தையும் தின்றுவிடும்.

எத்தனை நத்தை போட வேண்டும்? கடையில் ஒரு கணக்கு சொல்கிறார்களே?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொறுமையாகப் படியுங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இத்தனை லிட்டருக்கு ஒரு நத்தை என்று சொல்லும் கணக்கெல்லாம் தண்ணீரின் அளவை வைத்துப் போட்டது. நத்தை தண்ணீரையா தின்கிறது? பாசியைத் தின்கிறது. பாசி எவ்வளவு முளைக்கிறது என்பது உங்கள் விளக்கையும் மீனுக்குப் போடும் தீனியையும் பாறையையும் பொறுத்தது.

என் முதல் தொட்டிக்கு ஒரு கடையில் சொன்ன கணக்குப்படி ஒரே நாளில் 12 ட்ரோக்கஸ் வாங்கிப் போட்டேன். நாலே நாளில் தொட்டி பளிச்சென்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களிடம் பெருமையாகக் காட்டினேன். மூன்றாவது வாரம் ஒன்று விழுந்தது. அப்புறம் நாலைந்து நாளைக்கு ஒன்று. அம்மோனியா பார்த்தேன், நைட்ரேட் பார்த்தேன், உப்பு பார்த்தேன், எல்லாமே சரியாக இருந்தது. ஒரு நாள் இரவு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. சுத்தமான கண்ணாடியில் ஒரு நத்தை அதே ஒரு சாண் இடத்தைத் திரும்பத் திரும்ப நக்கிக்கொண்டிருந்தது. வாய் திறக்கிறது, மூடுகிறது, உள்ளே போக ஒன்றும் இல்லை. பாதம் மெலிந்து, ஓட்டின் வாயை நிரப்பாமல் உள்ளே சுருங்கிக் கிடந்தது. அத்தனையும் பட்டினி. 12ல் மிஞ்சியது 3. அந்த மூன்றும் பிறகு நன்றாக இருந்தன, ஏனென்றால் அந்தத் தொட்டியில் மூன்று நத்தைக்குத்தான் சாப்பாடு இருந்தது.

அதனால் நான் செய்யும் சோதனை இது. முன்பக்கக் கண்ணாடியை மூன்று நாள் துடைக்காமல் விடுங்கள். விரலால் இழுத்தால் கோடு விழும் அளவுக்குப் பச்சைப் படலம் வந்திருந்தால் இரண்டு நத்தை சேர்க்கலாம். மூன்று வாரம் கழித்து மறுபடி இதே சோதனை. படலம் வராத தொட்டிக்குப் புது நத்தை வேண்டாம். இப்போது என் தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பாறையும் மணலும் போக ஏறக்குறைய 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் 4 ட்ரோக்கஸ், 5 செரித், 3 நசாரியஸ். அவ்வளவுதான், நிறைவாக இருக்கின்றன.

புதுத் தொட்டி போட்டு இரண்டு வாரம் ஆகிறது. பழுப்பாகப் பாசி வந்துவிட்டது. நத்தை விடலாமா?

இன்னும் பொறுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நிற்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அந்தப் பழுப்புப் படலம் டயாட்டம் என்னும் நுண்பாசி. வந்த வேகத்தில் போய்விடும். அதை நம்பி நத்தை விட்டால் அது மறைந்த மறுவாரம் பட்டினிதான். பச்சைப் படலம் வந்த பிறகு விடுங்கள்.

பழுப்பாக, சளி போல நூல் நூலாக, நுனியில் காற்றுக் குமிழியோடு இருந்தால் அது டைனோ, அதாவது டைனோஃப்ளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிராக இருக்கலாம். அதில் சில வகை நஞ்சுள்ளது. தின்ற நத்தைகள் வரிசையாகக் கீழே விழும். அது தீரும்வரை நத்தையே வேண்டாம்.

வாங்கி வந்த இரண்டே நாளில் செத்துவிட்டன. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

எப்போது செத்தது என்பதை வைத்தே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடலாம். முதல் இரண்டு மூன்று நாளில் என்றால் தொட்டிக்கு மாற்றிய விதம். சில வாரம் தாண்டி ஒவ்வொன்றாக என்றால் பசி. ஒரே நாளில் எல்லாம் என்றால் நஞ்சு அல்லது வெப்பம்.

மீனுக்குத் தன் உடம்பில் உள்ள உப்பை ஓரளவு கட்டுப்படுத்தத் தெரியும். நத்தைக்கு அது முடியாது. வெளியே தண்ணீரில் எவ்வளவு உப்போ, உடம்புக்குள்ளும் அவ்வளவுதான். உப்பைச் சிக்கனம் செய்யவும் மீன் ஒட்டுண்ணியைக் குறைக்கவும் கடைத் தொட்டிகளில் உப்புநீரின் அடர்த்தியை 1.020 அளவில் வைப்பது வழக்கம். உங்கள் தொட்டியில் 1.025. அங்கிருந்து இங்கே ஒரே தூக்கில் போட்டால் நத்தையின் உடம்பிலிருந்து நீர் வெளியேறி அது குழம்பிப்போகும். அன்றைக்கே சாகாது, மூன்றாம் நாள் சாகும். பழி கடைக்காரர் மேல் போகும்.

அப்படியென்றால் எப்படித்தான் மாற்றுவது?

மெடிக்கல் ஷாப்பில் குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட் ஒன்று வாங்குங்கள். ஊசியைக் கழற்றி எறிந்துவிடுங்கள். அந்தக் குழாயும் உருளையும்தான் நமக்கு வேண்டும்.

பையை மூடியபடியே 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு நத்தையைப் பைத் தண்ணீரோடு ஒரு சின்ன பக்கெட்டில் விட்டு, தொட்டியிலிருந்து டிரிப் குழாயைப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி உருளையைத் திருகுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் பக்கெட் தண்ணீர் மூன்று மடங்கு ஆகியிருக்க வேண்டும். உப்பளவு பார்க்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் பக்கெட் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சமமாக வரும்வரை அவசரம் வேண்டாம். பக்கெட் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. நத்தையை மேலேயிருந்து போடாமல், கையை உள்ளே விட்டுப் பாதம் கீழே இருக்கும்படி பாறை மேல் வையுங்கள்.

சென்னை கொளத்தூரிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சலாக வருவது வேறு விஷயம். இரவெல்லாம் மூடிய பையில் அம்மோனியா சேர்ந்திருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறும், அமிலத்தன்மை குறையும், அதுவரை அடங்கிக் கிடந்த அம்மோனியா வீரியம் பிடிக்கும். அந்தத் தண்ணீரிலேயே ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பது தப்பு. பைத் தண்ணீரின் உப்பளவைப் பார்த்து, அதே அளவில் புதிதாக உப்புநீர் கலக்கி, நத்தையை அதற்கு மாற்றிவிட்டு அப்புறம் சொட்டு முறையைத் தொடங்குங்கள்.

இன்னொன்று. ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரை வைத்துப் பூஜ்யம் பார்த்தால் போதாது. 35 அளவுக்கென்று (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு, கடல்நீரின் அளவு) விற்கும் திரவத்தை வைத்துச் சரிபாருங்கள். நமக்கு வேண்டியது அந்த இடத்தில்தான் சரியாகக் காட்ட வேண்டும்.

சேலத்துத் தண்ணீர் ஆகுமா? மேட்டூர்த் தண்ணீரா, போர் தண்ணீரா?

இரண்டும் நேரடியாக வேண்டாம். மேட்டூர்க் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். போர் தண்ணீரில் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு உப்பு மாறும். ஆர்ஓ தண்ணீர்தான் சரி. அதன் பிறகு மிச்சமுள்ள உப்பையும் பிடிக்கும் டிஐ பில்டர் ஒன்று வைத்து, டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

ஆனால் எந்த ஆர்ஓ என்று பாருங்கள். இதில்தான் நான் பெரிதாக அடிபட்டேன். சமையலறையில் பழைய ஆர்ஓ மெஷின் கெட்டுப்போய்ப் புதிது மாட்டினோம். தண்ணீரில் செம்புச் சத்து சேர்க்கும் வகை. குடிப்பவர்களுக்கு நல்லது என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான் அதே குழாயில் பிடித்துத்தான் தொட்டிக்கும் தினம் மூன்று லிட்டர் ஊற்றினேன். மனிதனுக்கு ஒன்றும் செய்யாத அளவு செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். அதோடு, தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், செம்பு போகாது. தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் ஏறிக்கொண்டே இருக்கும். ஒன்றரை மாதத்தில் முதலில் செரித் எல்லாம் மணலை விட்டு வெளியே வந்து மேலேயே கிடந்தன. அடுத்து ட்ரோக்கஸ் கண்ணாடியைப் பிடிக்க முடியாமல் விழுந்தன. மீன்கள் மட்டும் எதுவும் நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தன. செம்பு சோதனைக் கிட் வாங்கிப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கார்பன், செம்பை உறிஞ்சும் பொருள், வாரம் இருமுறை தண்ணீர் மாற்றம் என்று மூன்று மாதம் போராடினேன்.

ஆகவே செம்பு சேர்க்கும் மெஷின் வேண்டாம். செம்புக் குடத்திலோ பித்தளை அண்டாவிலோ பிடித்து வைத்த தண்ணீரும் வேண்டாம், பித்தளையிலும் செம்புதான் இருக்கிறது. பிளாஸ்டிக் வாளி போதும். அதுவும் சோப்பு படாத, தொட்டிக்கென்று தனியாக வைத்த வாளி.

மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய். கடையில் கொடுத்த மருந்தை ஊற்றலாமா?

லேபிளில் செம்பு என்றோ காப்பர் என்றோ இருந்தால் நத்தை உள்ள தொட்டியில் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள். பழைய தொட்டி, பழைய பாறை வாங்குபவர்களும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பாறை செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளியே விடும்.

கல்லுப்பு கலக்கினால் போதாதா?

போதாது. தூத்துக்குடிக் கல்லுப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு. நத்தை ஓடு கட்டக் கால்சியம் வேண்டும், மெக்னீசியம் வேண்டும், கார்பனேட் வேண்டும். கடல் தொட்டிக்கென்று விற்கும் மரைன் சால்ட்தான்.

மாமாங்கம் பக்கம் கிடைக்கும் வெள்ளைக்கல்லைப் பாறையாக வைக்கலாமா? பார்க்கப் பவளப்பாறை மாதிரியே இருக்கிறதே?

நம் ஊருக்கே உரிய கேள்வி இது! அந்தக் கல் மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். நத்தைக்கு வேண்டிய கால்சியம் அதில் கிடையாது. அந்த மலையில் அதைச் சுற்றியுள்ள பாறைகளில் குரோமியமும் நிக்கலும் உண்டு. தொட்டிக்குள் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயமே இல்லை. அராகோனைட் என்னும் கால்சியம் கார்பனேட் மணலும் கடல் தொட்டிக்கென்று தயாரித்த காய்ந்த பாறையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சித்திரை வெயிலில் என்ன செய்வது?

வெளியே 40 டிகிரி அடிக்கும் நாளில் வீட்டுக்குள் தொட்டித் தண்ணீர் சர்வசாதாரணமாக 32க்கு ஏறும். நத்தைக்கு 24 முதல் 26 வரை சுகம். 28 தாங்கும். 30க்கு மேல் நாள்கணக்கில் போனால் தாங்காது. 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவு ஆக்சிஜன் பிடித்து வைக்கும், 32ல் 6 அளவுக்கு இறங்கிவிடும். வெப்பம் ஏறினால் நத்தைக்கு மூச்சின் தேவையும் ஏறும். இரண்டு பக்கமும் இடி.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் தண்ணீர் மட்டத்தின் மேல் ஒரு சின்ன ஃபேனைச் சாய்த்து ஓடவிடுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சென்னைக் கடற்காற்றின் ஈரத்தில் ஃபேன் இவ்வளவு வேலை செய்யாது. நம் ஊர் வறண்ட காற்று, அந்த வகையில் நமக்குச் சாதகம்.

ஆனால் ஃபேன் போட்டால் தண்ணீர் ஆவியாகும். உப்பு அப்படியே நிற்கும். என் தொட்டியின் கணக்கையே சொல்கிறேன். 150 லிட்டரில் ஒரு நாளைக்கு 4 லிட்டர் போனால் 35ஆக இருந்த உப்பு 36ஐத் தொடும். மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் 38. கோடையில் நத்தை செத்தால் எல்லோரும் வெயில் என்கிறார்கள். பாதிக்குப் பாதி இந்த உப்புதான் காரணம் என்று நினைக்கிறேன். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, காலையும் மாலையும் அந்தக் கோடுவரை நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். உப்புநீர் ஊற்றக்கூடாது. ஐஸ் கட்டியை நேராகப் போடுவதும் வேண்டாம், ஒரு மணி நேரத்தில் நாலு டிகிரி இறங்கி மறுபடி ஏறுவது நிலையான 29ஐவிட மோசம்.

ஏற்காட்டில் வீடு. அங்கே வைக்கலாமா?

தாராளமாக. வெயில் தொல்லை கிடையாது. ஆனால் மார்கழி, தை இரவுகளுக்கு ஹீட்டர் கட்டாயம். ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சின்னதாக வையுங்கள், ஒன்று கெட்டாலும் தொட்டி ஒரேயடியாகக் குளிராது.

யாரும் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. அதே 25 டிகிரியில் தண்ணீர் பிடிக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். அதனால் மேல்மட்டம் நன்றாகக் கலங்கும்படி பவர்ஹெட்டை (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் சின்ன பம்ப்) திருப்பி வையுங்கள், மீனையும் நத்தையையும் கொஞ்சம் குறைவாகவே வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், டிக்கியில் உருளவிடாதீர்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. நத்தை தாங்குமா?

தண்ணீர் அசையாமல் நின்றால் முதலில் தீர்வது ஆக்சிஜன். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். இன்வெர்ட்டர் இருந்தால் ஒரு பவர்ஹெட்டை மட்டும் அதில் மாட்டுங்கள், விளக்கு தேவையில்லை. ஒன்றும் இல்லையா? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மக்கில் அள்ளி ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். அன்று தீனி போடாதீர்கள். கேனிஸ்டர் பில்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய பில்டர்) வைத்திருப்பவர்கள் நெடுநேரம் நின்ற பிறகு அப்படியே ஆன் செய்யாமல், உள்ளே நின்ற தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடவிடுங்கள்.

இரண்டு நாளாக ஒரே இடத்தில் அசையாமல் இருக்கிறது. செத்துவிட்டதா?

உடனே எறிந்துவிடாதீர்கள். நத்தை இரண்டு நாள் சும்மா இருப்பது சகஜம். எடுத்து வாய்ப்பக்கம் பாருங்கள். வட்டமான மூடி இறுக்கமாக மூடியிருந்தால், அல்லது தொட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டால் உயிர் இருக்கிறது. மூடி தொளதொளவென்று, சதை வெளியே தொங்கினால் சந்தேகம். அப்போது மூக்கருகே கொண்டு போங்கள். செத்த நத்தையின் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறுபடி யாரிடமும் கேட்க மாட்டார்கள். செத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், சின்னத் தொட்டியில் ஒரு நத்தை அழுகினால் அம்மோனியா ஏறும்.

பாசி குறைந்துவிட்டது. என்ன கொடுக்கலாம்?

நோரி. சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் காய்ந்த கடற்பாசித் தாள்தான். எண்ணெய், உப்பு, காரம் எதுவும் தடவாததாகப் பார்த்து வாங்குங்கள். தீப்பெட்டி அளவுத் துண்டை ஒரு சின்னக் கல்லில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, விளக்கு அணைத்த பிறகு நத்தைக்குப் பக்கத்தில் வையுங்கள். காலையில் மீதியை எடுத்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் கண்டுகொள்ளாது, அப்புறம் பழகிவிடும். நசாரியஸுக்கு வாரம் இருமுறை மூழ்கும் தீனி ஒரு சிட்டிகை அல்லது மசாலா படாத இறால் துண்டு.

ஓடு வெளுத்து உதிர்கிறது.

காரத்தன்மையைச் சோதியுங்கள். அது 8 முதல் 10 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு), கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், பிஎச் 8.1க்குக் குறையாமல். வாங்கும்போதே நுனி தேய்ந்திருந்தால் அது பழைய காயம், பயப்பட வேண்டாம். வாய் ஓரத்தில் புது ஓடு பளிச்சென்று வளர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தண்ணீர் திடீரென்று பால் மாதிரி ஆகிவிட்டது. நத்தைகள் எல்லாம் மேலே ஏறி நிற்கின்றன.

அவை இனப்பெருக்கம் செய்கின்றன. ட்ரோக்கஸ் உயரமான இடத்துக்கு ஏறிப் புகை விடுவது போல விந்தைப் பீய்ச்சும். நுரையாகக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரை ஓடவிடுங்கள், கார்பன் போடுங்கள், ஒரு நாளில் தெளியும். சில மாதம் கழித்துப் பாறை இடுக்கில் மிளகு அளவில் குட்டிப் பம்பரங்கள் தெரிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கண்ணாடியில் வெள்ளை எள் ஒட்டியது போல இருந்தால் அவை நெரைட் முட்டை. பெரும்பாலும் குஞ்சு பிழைத்து வளராது.

எந்த மீன் நத்தையைத் தின்னும்?

பேத்தை, கிளாத்தி, பெரிய ராஸ் மீன்கள். காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் ஹெர்மிட் நண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது பசிக்காகக் கொல்வதைவிட ஓட்டுக்காகக் கொல்வது அதிகம்.

நத்தையின் ஓட்டு ஓரத்தில் அரிசிக் குருணை அளவில் வெள்ளையாக ஏதாவது கொத்தாக ஒட்டியிருந்தால் அதுவும் நத்தைதான், ஆனால் ஒட்டுண்ணி. பெரிய நத்தையின் சாற்றை உறிஞ்சும். இரவில் எடுத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். வாரம் இருமுறை வீதம் ஒரு மாதம் விடாமல் செய்தால் தீரும்.

ராமேஸ்வரம் போகிறோம். அங்கே பிடித்து வரலாமா?

வேண்டாம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளம், பவளம் ஒட்டிய பாறை எல்லாம் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ட்ரோக்கஸ் நிலோட்டிகஸ், டர்போ மார்மொரேட்டஸ் என்ற இரண்டு பெரிய நத்தைகளுக்கும் அதே சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. கடையில் வாங்கும்போதும் எந்த இனம், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

சட்டத்தைவிட எனக்கு அதிகம் பயம் தருவது கூம்புச் சங்கு. பூப்போட்ட அழகான ஓடு, குழந்தைகள் கண்டால் விடமாட்டார்கள். அதன் வாயிலிருந்து விஷ ஊசி ஒன்று வரும். ஜியாக்ரபி கோன் என்னும் வகை மனிதர்களையே கொன்றிருக்கிறது, அதற்கு மாற்று மருந்து கிடையாது. கடற்கரையில் உயிருள்ள சங்கு எதையும் கையில் எடுக்க விடாதீர்கள்.

மூக்கனேரியில் கிடைக்கும் நத்தையை உப்புநீருக்குப் பழக்க முடியுமா?

முடியாது. அது நன்னீர் நத்தை. தயவுசெய்து முயலாதீர்கள்.

கொசு மருந்து அடிக்கலாமா?

தொட்டி இருக்கும் அறையில் வேண்டாம். அறையின் காற்றைத்தான் ஏர் பம்ப் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. அந்த மருந்துகளில் உள்ள பைரெத்ராய்டு மீனுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள்.

செத்த நத்தையின் ஓட்டை என்ன செய்வது?

சதை போகும்வரை ஒரு வாளித் தண்ணீரில் மாடியில் ஊறப்போடுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பிறகு கொதிக்க வைத்து, நன்றாகக் கழுவி வெயிலில் காயவிட்டால் நாற்றம் போய்விடும். ஹெர்மிட் நண்டு இருக்கும் தொட்டி என்றால் அதைத் திரும்ப உள்ளே போடுங்கள். ஒவ்வொரு நண்டுக்கும் அதன் ஓட்டைவிடச் சற்றுப் பெரியதாக இரண்டு மூன்று காலி ஓடுகள் மணலில் கிடந்தால் உயிருள்ள நத்தையின் பக்கம் அது அதிகம் போகாது. சுற்றுலாத் தலத்தில் வாங்கிய வார்னிஷ் அடித்த சங்குகளை மட்டும் அதற்குப் பயன்படுத்த வேண்டாம்.